ஸ்கேன் மெஷினுக்குள் ஓடிய ஏழேகால் பஸ்

நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் சிதம்பரம் ஸ்கேன் மையத்திலிருந்து, என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் ஃபோன் செய்தாள். புது மெஷின் வரப்போகிறதாம், அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். சுவரில் இருக்கும் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். நோயாளிகளுக்காக நான் எழுதி ஒட்டிய அட்டை அது. நகையைக் கழற்றவும், ஊக்கு இருந்தால் கொடுக்கவும், ஆடாமல் படுக்கவும் என்று வரிசையாக இருக்கும். அவளுக்குக் கடைசி வரிதான் பிரச்சினை.

“மேடம், ‘உள்ளே படுத்துக்கொண்டு மனத்துக்குள் வேலைக்குப் போகக் கூடாது’ன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்கல்லாம் சிரிக்கிறாங்க. புது மெஷின்ல தலை லேசா ஆடினாலும் அதுவே சரி பண்ணிக்குமாம். இந்த வரி இனிமே வேணுமா?”

“தலை ஆடினா மெஷின் சரி பண்ணிடும். தலைக்குள்ள பஸ் ஓடினா இன்னா பண்ணும்?” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஃபோனில் சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எக்ஸ்ரே படிப்பு இரண்டு வருஷம். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு முடிந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் இருட்டறையில் ஃபிலிம் கழுவியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் வைத்த குழம்பில் ஃபிலிம் கழுவுகிற மருந்து வாடை அடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார், ஆனால் இரண்டாவது கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொள்வார். 2004-இல் சிதம்பரத்தில் எம்.ஆர்.ஐ. மெஷின் வைத்தபோது, ஐம்பது வயதில் அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று கேட்டவர்கள் ஒரு வருஷத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். தற்பெருமை என்றாலும் சரி, சொல்லிவிடுகிறேன். இந்த செலின் எடுத்த படத்தை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. ஒரே ஒரு படம்தான் செல்லாமல் போனது. அதைச் செல்லாது என்று சொன்னதும் நான்தான்.

இந்த வேலையில் மெஷினை ஓட்டுவது பாதிதான். ஆளிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் மீதி. எம்.ஆர்.ஐ. என்பது ராட்சசக் காந்தம். தங்கத்தை அது ஒன்றும் செய்யாது, ஊக்குதான் எமன். நம் ஊர்ப் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள். ‘ஊக்கு இருக்காம்மா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். அது பொய் இல்லை, வருஷக் கணக்காகத் தொங்குவது ஞாபகத்தில் இருக்காது, அவ்வளவுதான். ஒருமுறை அப்படி ஒன்று பறந்து போய் மெஷின் வாயில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாளுக்குக் கழுத்தில் ஒரு கீறலோடு போயிற்று. அன்றிலிருந்து நான் கேள்வியையே மாற்றினேன். “அவசரமா ஒரு ஊக்கு வேணும், இருந்தா குடுங்கம்மா” என்பேன். கை தானாகச் சரட்டுக்குப் போகும், நாலு ஊக்கு வந்து விழும்.

எங்கள் பெரிய டாக்டர் உமாபதி மூளை நரம்பு நிபுணர். குரலை உயர்த்தமாட்டார். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “எப்படித் தெரியும்?” என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் வியர்க்கும். ‘சார், காபி சூடா இருக்கு’ என்று சொன்னால்கூட எப்படித் தெரியும் என்பார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம்.

2009-இல் அவர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். முகவாதம் வந்தவர்களுக்கு அக்குபஞ்சர் ஊசி போட்டால் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முகவாதம் என்றால் ஒரு பக்க முகம் செயல் இழந்து வாய் கோணிக்கொள்வது. கோளாறு இருப்பது முகத்துக்கு வரும் நரம்பில். ஆனால் முகம் அசையாமல் கிடந்தால், மூளையில் அந்த முகத்துக்கென்று இருக்கும் இடமும் மாறத் தொடங்குகிறது என்று டாக்டர் சொல்வார். கையில் போடும் ஊசி அந்த இடத்தை எழுப்புகிறதா என்பதுதான் அவர் கேள்வி. ஊசி போடப் பரங்கிப்பேட்டை ஷாஹிதா வருவார், அந்த வைத்தியத்தை முறையாகப் படித்தவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில், காந்தம் இழுக்காத வெள்ளி ஊசி ஒன்று இறங்கும். நோயாளி மெஷினுக்குள் படுத்திருக்க, ஷாஹிதா பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் ஊசியைத் திருகுவார், ஒரு நிமிஷம் சும்மா விடுவார். இப்படி நாலு தடவை. திருகும்போது மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் அதிகம் ஓடுகிறதோ, அந்த இடம் படத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும்.

அந்தச் சித்திரையில்தான் தனவேலுக்கு வாய் கோணியது.

தனவேல் நான் தினமும் சிதம்பரம் போகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர். கடலூரில் காலை ஏழேகாலுக்கு எடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் அந்த ஒரே பஸ்ஸில்தான் இருந்தார். அவர் விசில் ஊதினால் முதுநகர் ரயில்வே கேட்டில் நிற்கிற மாடும் வழிவிடும். அன்றைக்கு விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார், முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மறுபடி ஊதினார். விசில் வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“இன்னாக்கா இது? உதடு ஒக்கார மாட்டேங்குது,” என்று என் சீட்டுக்கு வந்தார். இடது கண் மூடவில்லை. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

படியில் நின்று காற்று அடித்திருக்கிறது என்றார் ஒருவர். புறா ரத்தம் தடவினால் நிற்கும் என்றார் இன்னொருவர். பக்கவாதம் என்று ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். நான் தனவேலிடம் நெற்றியைச் சுருக்கச் சொன்னேன். இடது பக்க நெற்றியில் ஒரு கோடும் விழவில்லை. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், நரம்புக் கோளாறு என்றால்தான் நெற்றியும் சேர்ந்து நின்றுபோகும். இது எனக்குத் தெரியும். ஆனால் நான் டாக்டர் இல்லையே. வாயை மூடிக்கொண்டு, சிதம்பரத்தில் இறங்கியதும் கையோடு அழைத்துப் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு வீக்கம்தான் என்றார். மாத்திரை கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், தூங்கும்போது கண்ணை ஒட்டிவைக்கச் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், எத்தனை நாளில் என்று சொல்ல முடியாது என்றார்.

தனவேலுக்கு அந்த எத்தனை நாள்தான் முக்கியம். பஸ் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: “வாய் கோணின ஆளை வாசப்படில நிறுத்த முடியாது. ஆனித் திருமஞ்சனத்துக்குள்ள விசில் வரும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் ஆபீஸ்ல ஒக்காரு. எழுதித் தரலன்னா நான் வேற ஆள் பாத்துக்கிறேன்.” ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குத் தெம்பான கண்டக்டர் வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் பஸ் இல்லாத தனவேலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பேச்சும் குழறியது. பச்சையாங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், முட்லூர், புவனகிரி என்று அந்த ரூட்டில் உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய ஊர் ஒன்றுகூட இல்லை.

ஆராய்ச்சிக்கு வருகிறாயா என்று டாக்டர் கேட்டார்.

“ஊசி போட்டா விசில் வருமா சார்?”

“தெரியாதுப்பா. தெரிஞ்சுக்கத்தான் உன்னைக் கேக்கறேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அது பாட்டுக்கு நடக்கணும்.”

மூன்றாவது வாரத்தில் முதல் ஸ்கேன். தனவேலைப் படுக்கவைத்து, காதில் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தை செருகி, மூடாத கண்ணில் மருந்து விட்டு ஒட்டினேன். “ஆடாம அசையாம படுத்திருங்க. கை, கால், தலை எதுவும் அசையக் கூடாது” என்றேன். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே வாக்கியம். சிலை மாதிரிப் படுத்திருந்தார். இவ்வளவு அசையாத ஆளை நான் பார்த்ததில்லை என்று ஷாஹிதாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படம் வந்ததும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூளையில் வாய்க்கும் முகத்துக்குமான இடம் இரண்டு பக்கமும் தீபாராதனை மாதிரி எரிந்தது. ஷாஹிதா திருகும்போது எரிகிறது, விட்டதும் அணைகிறது. நாலு தடவையும் அப்படியே.

“பாத்தீங்களா செலின்? கையில ஊசி, முகத்துல பதில்!” என்றார். அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. நல்ல செய்தி வந்தால் எமகாதகர்கூட ஏமாந்துவிடுவார் போலிருக்கிறது. “மூளை இவ்வளவு நல்லா பதில் சொல்லுதுன்னா சீக்கிரம் தேறிடுவான். அந்த முதலாளிக்கு லெட்டர் டைப் பண்ணச் சொல்லுங்க. ஆனிக்குள்ள சரியாயிடும்னே போடலாம்.”

நான் சிரித்த முகத்தோடு வெளியே வந்தேன். தனவேல் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பயமா இருந்துச்சா தனவேலு?”

“மொதல்ல இருந்துச்சுக்கா. கடகடன்னு சத்தம் வேற. ஊசியை அவுங்க திருகறப்போ கைக்குள்ள இன்னமோ இழுக்குது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அவுங்க திருக ஆரம்பிச்சா நம்ம பஸ் கெளம்பிடும். விட்டாங்கன்னா ஸ்டாப்பிங்ல நின்னுடும். நாலாவது தடவை சிதம்பரம் வந்துட்டேன்.”

“மனசுக்குள்ளயா ஓட்டினீங்க?”

“மனசுக்குள்ளதான். ஆனா ஊர் பேரைக் கூவணும்ல? வாயத் தொறக்கல, நீங்க சொன்ன மாதிரி. உள்ளாற நாக்கால மட்டும் ‘ஆலப்பாக்கம் ஆலப்பாக்கம் எறங்கு’ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். தலை துளிகூட ஆடலயேக்கா?”

தலை ஆடவில்லைதான். நாக்கு ஆடியிருக்கிறது, அதுவும் ஊசியோடு தாளம் தப்பாமல். மூளையில் நாக்கின் இடமும் உதட்டின் இடமும் அடுத்தடுத்த வீடு. டாக்டர் பார்த்துத் துள்ளியது ஊசியின் வேலையை அல்ல. ஏழேகால் பஸ்ஸைத்தான்.

அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். விஷயம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தனவேலுக்கே தான் செய்தது என்னவென்று தெரியாது. உள்ளே லெட்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது, அது போனால் அவர் வேலை நிற்கும். நான் வாயைத் திறந்தால் அந்த லெட்டர் குப்பைக்குப் போகும். டாக்டரின் சந்தோஷமும் போகும். தப்பு தனவேலுடையதும் இல்லை, ‘நாக்கும் அசையக் கூடாது’ என்று நான்தான் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி நாளைக்கு இன்னொரு நோயாளியிடம், ‘மாத்திரை எதற்கு, ஊசியே போதும்’ என்று எவராவது சொன்னால்? அந்தப் படத்தில் என் கையெழுத்து இருக்கும்.

உள்ளே போனேன். “சார், அந்தப் படம் தப்பு” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கண்ணாடி இப்போது மேஜைக்கு வந்தது. “எப்படித் தெரியும்?”

பஸ் ஓடிய கதையைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. “அதனாலதான் இவ்வளவு எரிஞ்சதுன்னு நீங்க நெனைக்கிறீங்க. நெனைச்சா போதுமா?” என்றார். கோபத்திலும் அவர் கேள்வி சரியான கேள்விதான்.

“போதாது சார். ஊசியே இல்லாம அவரைப் படுக்க வச்சு, அதே மாதிரி பஸ்ஸை ஓட்டச் சொல்வோம். படம் மாறினா நான் சொன்னது தப்பு.”

மறுநாளே செய்தோம். ஷாஹிதா ஊசியைத் தொடவில்லை, தனவேலின் காலை லேசாகத் தட்டினால் கிளம்ப வேண்டும், மறுபடி தட்டினால் நிற்க வேண்டும். படம் வந்தது. அதே இடம், அதே மஞ்சள், அதே சிவப்பு. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த லெட்டரை நாலாகக் கிழித்தார்.

தனவேலிடம் அவரே சொன்னார். நான் சொல்கிறேன் என்றதற்கு, “படத்தை நம்பினது நான். நான்தான் சொல்லணும்,” என்றார். அந்த மனுஷரிடம் வேலை பார்த்ததில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

தனவேல் என்னிடம்தான் கோபித்துக்கொண்டார். “நான் உங்ககிட்ட சொன்னதை நீங்க உள்ள போய்ச் சொல்லிட்டீங்களேக்கா. அஞ்சு வருஷமா உங்களுக்கு சீட்டு புடிச்சுக் குடுத்திருக்கேன்.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாவது முறை ஒழுங்காக ஸ்கேன் எடுத்தோம். ஊசி உண்டு, பஸ் இல்லை. “நாக்கு கீழ்ப் பல்லுல சாஞ்சு சும்மா கெடக்கட்டும், எந்த ஊர்ப் பேரும் நெனைக்காதீங்க, மூச்சு போறதை மட்டும் பாருங்க,” என்று சொன்னேன். இந்த முறை தீபாராதனை இல்லை. கைக்கான இடத்தில் ஒரு வெளிச்சம், முகத்துக்கான இடத்தின் ஓரத்தில் மங்கலாகக் கொஞ்சம். டாக்டர் அதை மட்டும் குறித்துக்கொண்டார். புது லெட்டரில், நரம்பு தேற நல்ல வாய்ப்பு இருக்கிறது, வைத்தியம் நடக்கிறது, நாள் குறிக்க இயலாது என்று மூன்று வரிதான் எழுதினார்.

முதலாளி அலுவலகத்தில் நடந்ததைத் தனவேலே எனக்குப் பிறகு சொன்னார். லெட்டரைப் படித்துவிட்டு, “நாள் எங்கடா?” என்று முதலாளி கேட்டிருக்கிறார். வேறு வழி இல்லாமல், மெஷினுக்குள் பஸ் ஓட்டியதில் ஆரம்பித்து லெட்டர் கிழிந்தது வரைக்கும் தனவேல் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். அவரும் ஒரு காலத்தில் கண்டக்டராக இருந்தவர்தான்.

“கீரப்பாளையத்துல நிறுத்துனியா?”

“நிறுத்தாம எப்படி மொதலாளி?”

“பொணம் மாதிரி படுத்துக்கினு ரூட்டு மாறாம ஓட்டியிருக்கான் பாரு. இவனை விட்டுட்டு நான் யாரைத் தேடுவேன்? திருமஞ்சனம் வரைக்கும் ஒக்காருடா. அன்னிக்கு ஊதிக் காட்டு, அப்புறம் பாக்கலாம்.”

கெடு என்னவோ அப்படியே இருந்தது. கெடு வரைக்கும் உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவுதான். மாத்திரை முடிந்தது. ஷாஹிதா வாரம் இரண்டு நாள் ஊசி போட்டார். தனவேல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவிப்பார், விரிப்பார். “ஜாஸ்தி இழுக்காதீங்க அண்ணே, நல்ல பக்கம் கெட்டியாயிடும்” என்று ஷாஹிதா அதட்டுவார். வைகாசி கடைசியில் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. ஆனி பிறந்ததும் கண் மூடியது. உதடு மட்டும் பிடிவாதமாக இருந்தது. அப்போது இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். அதே ஊசி, அதே கை, ஆனால் மூளை பதில் சொன்ன விதம் முதலில் இருந்த மாதிரி இல்லை. முகத்துக்கான இடத்தின் ஓரத்தில் மங்கலாக இருந்தது இப்போது தெளிவாக இருந்தது. முகம் தேறத் தேற மூளையும் ஊசிக்கு வேறு மாதிரிப் பதில் சொல்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். தேறியதற்குக் காரணம் ஊசியா, மாத்திரையா, தானாகவா என்பதை ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனித் திருமஞ்சனம் வந்தது. அன்று விடுமுறைதான், ஆனாலும் டாக்டர் நோயாளிகளைப் பார்க்க வருவார் என்பதால் நானும் கிளம்பினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏழேகால் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. படியில் தனவேல். சட்டை மடிப்புக் கலையவில்லை, முகம் வெளிறியிருந்தது. முதலாளி கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தனவேல் என்னைப் பார்த்தார். இரண்டு மாதமாக நாங்கள் சரியாகப் பேசியிருக்கவில்லை. நான் இடது கையால் என் உதட்டு ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டார். விசிலை வாயில் வைத்து, இடது உதட்டு ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

முதலில் காற்று வந்தது. பிறகு வந்தது விசில். பழைய விசில் இல்லை, சளி பிடித்த விசில். ஆனால் டிரைவருக்குக் கேட்டது. பஸ் நகர்ந்தது. முதலாளி கையை அவிழ்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். முதுநகர் தாண்டியதும் தனவேல் கூட்டத்துக்குள் நீந்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“ஆலப்பாக்கம் வரைக்கும் நின்னுக்கிட்டு வாங்கக்கா. அங்க ஒரு சீட்டு காலியாகும், சொல்லி வச்சிருக்கேன்.”

சீட்டு கிடைத்தது. நான் உட்கார்ந்து அழுதேன், யார் பார்த்தால் என்ன.

சிதம்பரத்தில் இறங்கி நேராக டாக்டர் அறைக்குப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், தனவேலுக்கு விசில் வந்துடுச்சு.”

அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எப்படித் தெரியும்?”

“அந்த பஸ்லதான் சார் வந்தேன்.”